மூக்குப்பேணியும் ஈயப்பூச்சும்



யாழ்ப்பாணத்துப் பழைய இல்லங்களில் விருந்தினருக்கு நீரும் மோரும் வழங்கப்பெற்ற கலம் மூக்குப்பேணி. பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆன இச்சிறு பாத்திரத்தின் விலாவில் ஒரு மூக்கு நீண்டிருக்கும். உதடு படாமல் அண்ணாந்து அருந்துதற்கு அம்மூக்கே வழி. விருந்தோம்பலையும் தூய்மையையும் ஒருங்கே உலோகத்தில் வடித்த கைவினைஞனின் நுண்ணறிவு போற்றத்தக்கதன்றோ?

செம்போடு துத்தநாகம் கலந்தால் பித்தளை. வெள்ளீயம் கலந்தால் வெண்கலம். இவற்றைக் கையாள்வதையே தொழிலாகக் கொண்டோர் கன்னார். யாழ் நகரத்துக் கன்னாதிட்டி இன்று பொன்நகை வேலைக்கே பெயர்பெற்றதாயினும், அதன் பெயர் கன்னாரை நினைவூட்டி நிற்கின்றது. குத்துவிளக்கு, தூண்டாமணி விளக்கு, கிடாரம், செம்பு என அக்கலங்கள் பல. சீதனமாக வழங்கிய பாத்திரங்களிற் பெயர் பொறிப்பதும் வழக்காயிருந்தது.

இவை அருகியமைக்கு அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் மலிந்தமையே காரணம் என்பர். அது முழு உண்மையன்று. பித்தளைக் கலத்திற் புளி சேர்ந்தாற் களிம்பேறும். ஆதலால் கலத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகும் வெள்ளீயத்தைத் துணியால் உட்புறமெங்கும் பரப்புவர். பூச்சுத் தேய்ந்தால் மீண்டும் பூசவேண்டும். ஈயம் பூசுவோர் அருகவே, கலம் அடுப்பை விட்டுப் பரண் ஏறிற்று. பரணிலிருந்து இறங்கியது, நிறுவைக்கு விலையாகி உலை ஏறிற்று. சிறு தொழிலொன்று நலிய, அதனைச் சார்ந்த பெருந்தொழிலும் நலிந்தது.

போரும் தன் பங்கைச் செய்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபொழுது, கைக்கெட்டியவற்றையே எடுத்துச் சென்றனர். கிடாரத்தைச் சுமந்து செல்ல எவரால் இயலும்?

நாவற்குழியில் 2020ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சிவபூமி அரும்பொருட்காட்சியகம் முன்னோர் பாவித்த பொருள்களைப் பேணி வருகின்றது. அது நற்பணி. ஆயினும் கண்ணாடிப் பேழை கலத்தைக் காக்குமேயன்றிக் கலையைக் காவாது. பஞ்சாபிலுள்ள ஜண்டியாலா குரு என்னும் ஊரின் தட்டேரர்கள் பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தட்டி உருவாக்குவோர். 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது, அவர்களுடைய பாத்திரங்களையன்று. தந்தை மகனுக்கு வாய்மொழியாக வழங்கும் தொழிலறிவையே.

செய்யத்தக்கவை எளியவை. பரணிலுள்ள கலத்தை நிறுவைக்கு விற்காதிருத்தல் முதலாவது. அதற்கு ஈயம் பூசுவித்து அடுக்களைக்கு மீட்டல் இரண்டாவது. திருமணத்துக்கும் திருக்கோயிலுக்கும் வேண்டும் விளக்குகளை, எஞ்சியுள்ள கைவினைஞரிடமே செய்வித்தல் மூன்றாவது. மாணவரை அவர்தம் பட்டறைக்கு அழைத்துச் சென்று காட்டுதல் நான்காவது.

புகழுரையால் எந்தத் தொழிலும் பிழைத்ததில்லை. கைவினைஞனை வாழ்விப்பது அவனை நாடிச் செல்லும் வேலையே. அவ்வேலை உண்டாயின், தந்தையின் சுத்தியலை மகனும் விரும்பி ஏந்துவான்.