பருவமழையும் நம் கடமையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மும்பைவாழ் தமிழராகிய நாம் இரு பருவமழைகளுக்கு உரியவர்கள். ஜூன் திங்களில் தென்மேற்குப் பருவமழை இங்கே நம் கூரையைத் தட்டுகிறது. ஐப்பசி பிறந்தால், ஊரிலே மழை உண்டா என நெஞ்சம் கேட்கிறது. இவ்விரு மழைகளின் இயல்பும் இன்று மாறி வருகிறது.

காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். அரபிக்கடலும் வெப்பமுற்று வருகிறது. ஆகவே, பல நாள் பரவிப் பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்திலேயே கொட்டித் தீர்க்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது; கொலாபாவிலோ அதில் பத்திலொரு பங்கும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் பொழிந்தது. ஒவ்வொரு பெருமழைக்கும் வெப்பமாற்றம் ஒன்றையே காரணமாக்குதல் முறையன்று. ஆயினும் இத்தகைய நாள்கள் பெருகும் என்பதே அறிஞர் முடிவு.

1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் கடற்கழியின் ஓரத்தில் எழுப்பியது நம் சீத்தா கேம்ப். கடல்நீர் ஏறும் வேளையில் பெருமழையும் சேர்ந்தால், சாக்கடை நீர் வெளியேற வழியேது? ஆகவே மே திங்களுக்குள் சாக்கடைகளைத் தூர்வாரச் செய்வோம். அவற்றில் குப்பை கொட்டாதிருப்போம். கழியோரத்து அலையாத்தி மரங்களைக் காப்போம். கடல் ஏறும் நேரத்தை வீதிப் பலகைகளில் எழுதி வைப்போம்.

மழையைப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். அதனை அஞ்சாது வரவேற்க ஆயத்தமாவோம்.