கப்பலின் அடியில் ஒட்டும் கொட்டலசு
(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பெரகல மலையில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நம் முன்னோர் கடல் கடந்து வந்தவர்கள். நாம் கொய்யும் கொழுந்தும் தேயிலையாகிக் கடல் கடந்தே போகிறது. வானம் தெளிந்த நாளில் அப்புத்தளை விளிம்பில் நின்றால், தெற்கே அந்தக் கடல் ஒரு கோடாய்த் தெரியும்.

கொட்டலசு என்பது சுண்ணாம்புக் கூட்டுக்குள் வாழும் சிற்றுயிர். பார்வைக்குச் சிப்பி, உறவோ இறாலோடும் நண்டோடும். 1830இல் தாம்சன் என்பவர் அதன் குஞ்சுகளை ஆராய்ந்து காட்டும்வரை அறிஞர் பலரும் சிப்பி இனமென்றே எண்ணினர். டார்வின் இதை ஆராய 1846 முதல் எட்டு ஆண்டுகள் செலவிட்டார். குஞ்சாய் இருக்கையில் நீந்தித் திரியும். பிறகு இடம் பார்த்துத் தலையை ஒட்டிக்கொண்டு, கால்களால் இரையை வாரித் தின்னும். ஒட்டினால் ஒட்டியதுதான். இப்படி ஆயிரக்கணக்கில் ஏறினால் அடிப்பாகம் சொரசொரத்துப் போகும், நீர் பிடித்திழுக்கும், வேகம் குன்றும், எரிபொருள் கூடும்.

வல்வெட்டித்துறையிற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறையை அடைந்தது. அதை நாம் பெருமையோடு சொல்கிறோம். மாலுமிகளைப் புகழ்கிறோம், எந்தக் கப்பலிலும் அடிப்பலகையைச் சுரண்டியவரை எவர் நினைக்கிறார்?

வேலை எளிதன்று. மரக்கலத்தைக் கரையேற்றியோ, பாரம் இறக்கி ஒருபுறம் சாய்த்தோ அடியை வெளிக்கொணர வேண்டும். ஈரம் காயுமுன் சுரண்ட வேண்டும், காய்ந்தால் இறுகிவிடும். பலகைகளின் இடுக்கில் அடைத்த பஞ்சும் கயிறும் பெயராதபடி கை பழகியிருக்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியில் பாசி சுரண்டியவர்களுக்கு இந்தப் பதம் தெரியும்: பட்டையும் கிழியக்கூடாது, பாசியும் மிஞ்சக்கூடாது. கூடு உடைந்தபின் வெள்ளை வட்டமாய் அடித்தட்டு நிற்கும். அதை விட்டால் வேலை பாதிதான். தன்னினம் இருந்த தடத்தை மோப்பம் கண்டு புதுக் குஞ்சுகள் அங்கேயே வந்து குடியேறும்.

பிறகு பூச்சு. இந்து சமுத்திர மரக்கலங்களுக்குச் சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்துப் பூசினர். 1761இல் ஆங்கிலக் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலுக்குச் செப்புத் தகடு வேய்ந்தது. பின்னாளில் வந்த வெள்ளீயச் சேர்மப் பூச்சு கொட்டலசை விரட்டியது. கூடவே சிப்பிகளையும் நத்தைகளையும் கெடுத்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதை விலக்கியது. இன்று செப்புப் பூச்சுகளே பெரிதும் வழங்குகின்றன. அவற்றையும் மீறி ஒட்டுவதை, நம் தேயிலையை ஏற்றிப் போவன போன்ற பெருங் கப்பல்களின் அடியில் முக்குளிப்போர் இறங்கித் தூரிகை கொண்டு தேய்த்தெடுக்கின்றனர்.