பச்சை குத்துமுன்

நம் பாட்டிமாரின் கையில் குறத்தி குத்திய பச்சைக் கோலத்தை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். வடநாட்டார் அதனைக் 'கோத்னா' என்பர். தில்லியில் பிறந்து வளர்ந்த எங்கள் மகள், மறைந்த பாட்டியின் பெயரைத் தமிழெழுத்தில் தன் கையில் குத்திக்கொள்ள விரும்புகிறாள். 18 வயது நிரம்பியவள். ஆகவே நாங்கள் தடுக்கவில்லை. தக்க ஆயத்தம் வேண்டும் என்று மட்டும் சொன்னோம்.

ஊசி மேல்தோலைக் கடந்து உள்தோலில் மையைச் சேர்ப்பதனாலேயே பச்சை அழியாது நிற்கிறது. அவ்வழியே மஞ்சட்காமாலைக் கிருமியும் புகக்கூடும். கண்ணெதிரே உறை பிரித்த புது ஊசியும், புதிதாக வார்த்த மையும் இன்றியமையாதன. குத்திக்கொண்டபின், நம் நாட்டு விதிப்படி, ஓராண்டுக்கு இரத்ததானம் செய்தலாகாது. விரும்புவோர் முன்னரே கொடுத்துவிடுதல் நன்று.

இன்னொன்றும் உண்டு. இங்கே பச்சை குத்துபவர் தமிழறியார். பாட்டியின் பெயரிலுள்ள ழகரம் ளகரமாகிவிட்டால் எளிதில் அழித்தெழுத இயலுமோ? "உன் கையெழுத்தையே கொடு" என்றோம். அவளோ தமிழ் பேசுவாளேயன்றி எழுத அறியாள். ஒரு திங்களாக அப்பெயரை எழுதிப் பழகுகிறாள். ழகரம் இப்பொழுதுதான் வளைந்து வருகிறது.

உடலில் பொறிக்குமுன் தாளில் எழுதக் கற்பது நல்ல ஆயத்தமன்றோ!