எட்டு நிமிடப் படமும் என் வீட்டு ரிமோட்டும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வங்கி கவுன்ட்டரில் காலம் தள்ளியவன், நேரத்துக்கு முடித்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் கேபிள் இணைப்பை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. பணத்துக்காக இல்லை. ஒரு நாள் சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது பேரன் வந்து, "தாத்தா, வைகையில ஏன் தண்ணி இல்ல?" என்று கேட்டான். "விளம்பரம் வரட்டும்டா, சொல்றேன்" என்றேன். விளம்பரம் வந்தது. திரும்பிப் பார்த்தால் பையன் தூங்கிவிட்டான். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

டிவிக்குப் பதிலாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குறும்படங்களையும் கார்ட்டூன்களையும் பார்க்க ஆரம்பித்தோம். குறும்படம் நம் தலைமுறைக்குப் புதிதல்ல. தங்கம் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? 1948-ல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் எடுத்த படங்களில் பல இன்று யூடியூபில் இருக்கின்றன. 1974-ல் விஜயா முலே எடுத்த 'ஏக் அநேக் ஔர் ஏக்தா' கார்ட்டூன் அதில் ஒன்று. வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து வலையோடு பறந்து போகும். மொழி இந்திதான், ஆனால் பேரனுக்குக் கதையை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளும் இதில் பெயர் வாங்கியிருக்கிறார்கள். மதுரைக்காரரான கார்த்திக் சுப்பராஜ், கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்துத்தான் வெளியே தெரிந்தார். 2012-ல் 'பீட்சா' எடுத்தார். பாலாஜி மோகன் தன் குறும்படத்தையே அதே வருடம் 'காதலில் சொதப்புவது எப்படி' என்று முழுப் படமாக்கினார்.

பெரியவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் 1952-ல் எடுத்த 'நெய்பர்ஸ்', அதாவது அண்டை வீட்டார். எட்டு நிமிடம்தான், வசனமே கிடையாது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலி போட்டு பேப்பர் படிக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பூ பூக்கிறது. அது யாருடையது என்று வேலி போடுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், கடைசியில் இருவருமே சாகிறார்கள். கொரியப் போர் நடந்த காலத்தில் எடுத்த படம், ஆஸ்கர் விருதும் பெற்றது. ஆனால் எனக்கு என்னவோ நம் தெருவில் பைக் நிறுத்தும் தகராறுதான் நினைவுக்கு வந்தது. வன்முறை அதிகம், குழந்தைகளோடு பார்க்காதீர்கள். வாரியத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது.

இதெல்லாம் வரவுக் கணக்கு. பற்றுக் கணக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் பேரன் ஒரு கார்ட்டூன் முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் இன்னொன்று என்று ஒன்றரை மணி நேரம் போனைக் கீழே வைக்கவில்லை. பக்கத்து அறையில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். டிவியை நிறுத்தினேனே தவிர, பழக்கத்தை நிறுத்தவில்லை. டிவியில் அடுத்தது என்ன என்பதை சேனல்காரர் தீர்மானித்தார், இங்கே யூடியூப் தீர்மானிக்கிறது. காசுதான் இலவசம், போவது நம் நேரம்.

அதன் பிறகு வீட்டில் மூன்று விதிகள். ஒன்று, தானாக அடுத்த வீடியோ ஓடும் 'ஆட்டோபிளே' பொத்தானை அணைத்து வைப்பது. இரண்டு, என்ன பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்து, அது முடிந்ததும் போனை எடுத்து வைத்துவிடுவது. மூன்று, பார்த்ததைப் பற்றி ஐந்து நிமிடமாவது பேசுவது. மூன்றாவதுதான் முக்கியம். அப்படி ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பேரன் வைகைக் கேள்வியை மறுபடியும் கேட்டான். மறுநாள் காலை ஆற்றங்கரைக்கே கூட்டிப்போய், தெரிந்த வரைக்கும் சொன்னேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் டிவி மட்டுமே துணையாக இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், சங்க அறையில் எல்லோரும் சேர்ந்து படம் பார்ப்போம். பொது இடத்தில் திரையிட அனுமதி உள்ள படமாக இருக்க வேண்டும். 'பிக் பக் பன்னி' என்ற முயல் கார்ட்டூன் அப்படிப்பட்டது. நெதர்லாந்தின் பிளெண்டர் அறக்கட்டளை 2008-ல் எடுத்தது, யாரும் இறக்கிப் போட்டுக் காட்டலாம். பத்து நிமிடம்தான், வசனமில்லை. அதில் தொடங்கலாம். அடுத்த மாதப் படத்தை அடுத்த வீட்டார் தேர்ந்தெடுக்கட்டும்.

படம் பத்து நிமிடம், பேச்சு ஐம்பது நிமிடம். செயலாளர் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.