அக்கா படித்த புத்தகம்

பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் மேல் வகுப்புக்குப் போனவர்களிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர் இதைப் பார்க்கிறீர்கள்? பாடப்புத்தக வரலாறு என்றாலே ஆட்சி, பாடத்திட்டம், வழக்கு என்றுதான் பேசுவார்கள். நான் வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து அதைப் பார்க்கிறேன்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள், பிறகு ஓலைச்சுவடி. அச்சு பரவிய பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பிள்ளைகளுக்கென்றே பாலபாடம் எழுதி அச்சிட்டார். அதையெல்லாம் வேகமாகத் தாண்டி 1970-க்கு வருவோம். அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் உருவானது. மாநிலம் முழுக்க அரசுப் பாடத்திட்டத்துக்கு ஒரே புத்தகம் என்பது வேரூன்றியது. அப்பாவுக்கு வேலை மாறி, குடும்பம் ஊர் விட்டு ஊர் போனாலும் பெட்டியில் இருக்கிற புத்தகம் அங்கேயும் செல்லும். அண்ணன் படித்தது தம்பிக்கு, தம்பி படித்தது சித்தி பிள்ளைக்கு. கிழிந்தால் ஊசிநூல் போட்டுத் தைப்பது. அதுவும் போதாவிட்டால் மதுரைக்காரர்களுக்குப் புதுமண்டபக் கடைகள், சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளும் சேர்ந்துதான் போயின.

எங்கள் வீட்டில் அட்டையைப் பார்த்தே அந்த வருஷம் எப்படிப் போனதென்று சொல்லிவிடலாம். அப்பாவின் வியாபாரம் ஓடிய வருஷம் பழுப்புத் தாள், லேபிள். கடன் ஏறிய வருஷம் செய்தித்தாள் அட்டை, இல்லையென்றால் கிழித்த மாதக் காலண்டரின் பின்பக்கம். முதல் பக்கத்தில் அக்கா பெயரை அடித்து என் பெயர். கோடிட்ட இடங்களில் அவள் பென்சிலால் எழுதிய விடைகள் இருக்கும்; அழித்துவிட்டுத் தரச் சொல்லி அம்மா திட்டுவாள், அக்கா பாதிதான் அழிப்பாள். எனக்கு அது வசதி. பத்தாவதோடு அவள் படிப்பை நிறுத்தினார்கள். அதற்கு மேல் எனக்கு வீட்டில் பழைய புத்தகம் கிடையாது.

இந்தக் கைமாற்று வழக்கத்துக்கு 1978 ஒரு சோதனை. அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் பயன்படுத்திய வடிவங்களை எம்.ஜி.ஆர். அரசு ஏற்றுக்கொண்டது. அதுவரை லை, ளை, னை, ணை எழுத்துகளின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னாவுக்குத் தனிக் கால் கிடையாது, எழுத்தோடு சுழித்து ஒட்டியிருக்கும். எல்லாம் சேர்த்து 13 எழுத்துகள் மாறின. கரும்பலகையில் ஒரு ‘லை’, அக்கா புத்தகத்தில் இன்னொரு ‘லை’. “எந்தப் புக்குடா அது?” என்று வாத்தியார் கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதே ஆண்டு பழைய பியூசி என்ற புகுமுக வகுப்பு போய் பிளஸ் டூ வந்ததால், அண்ணன்மாரின் பியூசி புத்தகங்களும் பரணுக்குப் போயின.

2011 வேறு மாதிரிக் குழப்பம். அரசு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகக் கிடந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்க 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. புத்தகங்கள் அச்சாகிக் கிடக்க, திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். பள்ளி திறந்து வாரக்கணக்கில் பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது, அதிலும் சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி. ஒட்டிய ஸ்டிக்கரைப் பிள்ளைகள் விட்டுவைப்பார்களா? உரித்துப் பார்ப்பதுதான் முதல் பாடம்.

2018 முதல் வந்த புத்தகங்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. பாடத்தைக் கைப்பேசியிலும் பார்க்கலாம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் விலையில்லாமல் கிடைக்கிறது. ‘விற்பனைக்கு அன்று’ என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பாதி விலைச் சந்தை போய்விட்டதே என்று என் வயதுக்காரர்கள் சிலர் ஏங்குகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. அக்காவின் பென்சில் விடைகள் எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் ஜூன் மாதம் அம்மா யாரிடம் கடன் கேட்கப் போனாள் என்பதும் எனக்குத் தெரியும்.