காவலுக்கு அழகு கணக்கே

 

'கா' என்னும் ஓரெழுத்தொருமொழி தமிழில் ஒரு சொற்குடும்பத்திற்கே தாய். காத்தல், காப்பு, காவல், காவலன் என அது கிளைத்து விரியும். முடிபுனைந்து நாடாண்ட வேந்தனையும் 'காவலன்' என்றனர் பழந்தமிழர். நள்ளிருளில் கண்துஞ்சாது தெருவில் நடந்தவனையும் அதே வேரினின்று 'ஊர்காப்பாளன்' என்றனர். அரியணையில் இருப்பவனுக்கும் தெருவில் நிற்பவனுக்கும் ஒரே வேர்ச்சொல்லைக் கொடுத்த மொழி, இருவர்க்கும் ஒரே கடமையைத்தான் கொடுத்தது.

அக்கடமை யாது? மக்களின் உயிரைக் காத்தல் ஒன்று. உடைமையைக் காத்தல் மற்றொன்று. அவ்வுடைமையுள், வியர்வை சிந்தி ஈட்டியதில் ஒரு பங்கைப் பிரித்து அவர்கள் அரசின் கருவூலத்தில் இட்ட பணமும் அடங்கும். கள்வன் கையினின்று காசைக் காக்க வேண்டியவன், தன் கையாலேயே பொதுக்காசைப் பாழாக்குவானாயின், காவல் என்னும் சொல் பொருளிழந்து வெற்றொலியாகும். இற்றை உலகில் சில நாடுகளின் காவல்துறைகள் விலைமிக்க கடுவிரைவு மகிழுந்துகளைத் தேடிச் சேர்க்கும் போக்கு, இக்கண்கொண்டு ஆராயத்தக்கது.

முதலில் துபாய் மாநகரை நோக்குக. அந்நகரக் காவல்துறை 2013ஆம் ஆண்டு இலம்போர்கினி அவெண்டடோர் என்னும் ஊர்தியைத் தன் அணியில் சேர்த்தது. அதனையடுத்துப் பெராரி வந்தது, பென்ட்லி வந்தது, ஆசுட்டன் மார்ட்டின் வந்தது, புகாட்டி வேரானும் வந்தது. மணிக்கு 407 கிலோமீட்டர் விரைவுடைய அந்தப் புகாட்டி, உலகக் காவல் ஊர்திகளுள் விரைவில் முதன்மையானது எனக் கின்னசு பதிவேட்டில் இடம்பெற்றது. இத்தகைய ஊர்தியின் உருளிப்பட்டைகளை ஒருமுறை மாற்றுவதற்கே பல்லாயிரம் டாலர் வேண்டும்.

இவை கள்வரைத் துரத்துகின்றனவா? பெரும்பாலும் இல்லை. புர்சு கலீபா போன்ற உயர்மாடங்களைக் காணவரும் அயல்நாட்டார் கூடும் இடங்களில் இவை உலா வருகின்றன. வந்தவர்கள் அருகில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்கின்றனர். நகரின் பெருமையைக் காட்டவும் மக்களோடு நெருங்கவும் இவை உதவுகின்றன என்று அக்காவல்துறையே விளக்கம் சொன்னது. இலம்போர்கினியில் இருக்கைகள் இரண்டே. காவலர் இருவர் அமர்ந்தபின், பிடிபட்ட கள்வனை எங்கே அமர்த்துவது? விலங்கிட்டவனை மடியிலா வைத்துக்கொண்டு போவது?

அம்மாநகரை ஆள்வோர் தேர்தலால் வந்தவரல்லர், வழிவழியாக ஆள்வோர். அங்குள்ள மாடங்களை எழுப்பத் தோள்கொடுத்தோருள் தமிழகத்தினின்று கடல்கடந்து சென்ற கூலித் தொழிலாளரும் உளர். 'இத்துணை விலை எதற்கு?' என்று கேட்கும் வாக்குச்சீட்டு அவர்கள் கையில் இல்லை. கேட்பாரற்ற இடத்தில் செலவுக்கு வரம்பு இராது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

எனினும் நடுநிலை பிறழாது பேசுதல் வேண்டும். விரைவூர்தி என்றாலே வீண்செலவு என்று முடிவுகட்டுதல் அறிவுடைமையாகாது. நெதர்லாந்து நாட்டுக் காவல்துறை 1962 முதல் 1996 வரை போர்சு ஊர்திகளை நெடுஞ்சாலைக் காவலில் ஈடுபடுத்தியது. அவற்றின் தொகை 500க்கும் மிகுதி. 1970களின் தொடக்கம் வரை அந்நாட்டு விரைவுச்சாலைகளுக்கு விரைவு வரம்பே இல்லை. எல்லாரும் பறக்கும் சாலையில் காவலன் மட்டும் ஊர்ந்து சென்றால் நேர்ச்சியுற்றவனிடம் உரிய காலத்தில் எப்படிச் சேர்வான்? அங்கே தேவை இருந்தது. தேவைக்கேற்ற ஊர்தி வந்தது.

இத்தாலிய நாட்டுச் செய்தி வேறுவகையானது. அந்நாட்டுக் காவல்துறைக்கு இலம்போர்கினி நிறுவனமே 2004ஆம் ஆண்டு ஊர்தி ஒன்றை நன்கொடையாக அளித்தது, பின்னரும் அளித்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் பதுவா நகரினின்று உரோமை நகருக்கு ஒரு சிறுநீரகத்தை அவ்வாறு வந்த ஊர்தி ஒன்று சுமந்து சென்றது. ஏறத்தாழ 500 கிலோமீட்டரை இரண்டு மணி நேர அளவில் கடந்தது. ஓர் உயிரைக் காக்க ஓடிய அவ்விரைவைப் பழிப்பார் யார்? ஆயின் அந்நிறுவனத்து ஊர்தி ஒன்று 2009ஆம் ஆண்டு, கண்காட்சியில் நிறுத்திக் காட்டப்பட்டுத் திரும்பும் வழியில், கிரெமோனா நகரில் மோதிச் சிதைந்தது. உயிர்காக்க ஓடுவதும் உண்டு. ஊர்காண நிற்பதும் உண்டு. நன்கொடையே ஆயினும், கொடுத்தவன் தன் பெயரைக் காவலன் ஊர்தியில் ஏற்றி உலகெங்கும் விளம்பரம் பெறுகிறான் என்பதை மறத்தற்கில்லை.

இனி, மக்களாட்சியின் தாயகம் எனத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்க நாட்டிற்கு வருவோர்க்கு வியப்பான ஒரு செய்தி காத்திருக்கிறது. சியார்சியா மாநிலத்தில் குவின்னெட் என்பது ஒரு மாவட்டம். அம்மாவட்டத்தின் செரீப்பு, மக்கள் வாக்களித்துத் தேர்ந்த காவல் தலைவர். அவர்தம் அலுவலகம் 2018ஆம் ஆண்டு டாட்சு சார்சர் எல்கேட் என்னும் மகிழுந்தை வாங்கியது. விலை 69,000 டாலருக்கும் மேல். ஆற்றல் 707 குதிரைத்திறன். அமெரிக்கக் காவலர் நாள்தோறும் ஓட்டும் சார்சர் ஊர்தியின் பெரிய பொறிக்கே 370 குதிரைத்திறன்தான். ஏறத்தாழ இருமடங்கு ஆற்றலுடைய இவ்வூர்தியைத் தலைவர் தம் இல்லத்திற்கும் அலுவலகத்திற்கும் போகவர ஓட்டினார். தெருவில் பந்தயம் ஓட்டும் இளைஞரைத் திருத்தும் கல்வித்திட்டத்திற்கும் அது பயன்படும் என்று விளக்கம் கூறப்பட்டது. கள்ளுண்ணாமையைக் கற்பிக்கக் கள்ளுக்கடை வைப்பது போன்றதே இவ்விளக்கம்!

இவ்வளவில் செய்தி முடிந்திருந்தால் ஊர்ப்பேச்சாகக் கரைந்து போயிருக்கும். முடியவில்லை. அந்நாட்டு நடுவணரசின் நயன்மைத்துறை இச்செலவைக் கண்டது; இது வரம்புகடந்த ஆரவாரச் செலவு என்றது; தொகையைத் திருப்பிக் கட்டுக என்று 2018 சூலைத் திங்களில் மடல் விடுத்தது. தொகை திருப்பிச் செலுத்தப்பட்டது. கணக்குக் கேட்க ஒருவர் இருந்தார்; ஆகவே பணம் மீண்டது. துபாய்க்கும் குவின்னெட்டுக்கும் உள்ள வேறுபாடு இஃதொன்றே.

ஆயின் ஆழ்ந்து நோக்குவார்க்கு வேறொரு வினா எழும். ஒரு மாவட்டக் காவல் அலுவலகத்தின் செலவை நடுவணரசு தட்டிக்கேட்டது எவ்வுரிமையால்? அப்பணம் வந்த வழியால். அது மாவட்ட மன்றம் ஒதுக்கிய வரிப்பணம் அன்று. பறிமுதற் பணத்தின் பங்கு. குற்றத்தோடு தொடர்புடையதென ஐயுறும் பணத்தையும் வீட்டையும் ஊர்தியையும் அமெரிக்கக் காவலர் கைப்பற்றலாம். பொருளுக்குரியவன் குற்றவாளி என்று தீர்ப்பாகவேண்டும் என்பது பல இடங்களில் கட்டாயம் அன்று. வழக்கு ஆளின்மேல் அன்று, பொருளின்மேல் தொடுக்கப்படும். 1984ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, நடுவணரசோடு சேர்ந்து கைப்பற்றிய பொருளின் மதிப்பில் 80 விழுக்காடு வரை உள்ளூர்க் காவல்துறைக்கே திரும்பி வரும்.

பெருமக்களே, இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப்பாருங்கள். எடுப்பவனும் அவனே, எடுத்ததைச் செலவிடுபவனும் அவனே. எடுக்குந்தோறும் தன் பை நிறையும் என்று கண்ட கை, எங்கே எடுப்பை நிறுத்தும்? வள்ளுவப் பேராசான் செங்கோன்மையை ஒரு பகுதியாகவும் கொடுங்கோன்மையை அடுத்த பகுதியாகவும் அருகருகே வைத்தார். இரண்டிற்கும் இடையே தொலைவு மிகுதியில்லை. கோல் சற்றே சாய்ந்தால் போதும்.

சாய்ந்ததற்கும் சான்றுண்டு. இண்டியானா மாநிலத்தில் ஓர் எளிய மனிதர் சிறிதளவு மயக்கப்பொருள் விற்று 2013ஆம் ஆண்டு பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். அக்குற்றத்திற்குச் சட்டம் விதித்த மிக உயர்ந்த தண்டத்தொகையே 10,000 டாலர்தான். ஆனால் அவரிடமிருந்த ஏறத்தாழ 42,000 டாலர் மதிப்புள்ள லேண்ட் ரோவர் ஊர்தியை அரசு பறித்துக்கொண்டது. மறைந்த தந்தையின் வாழ்நாள் காப்பீட்டுத் தொகையில் வாங்கிய ஊர்தி அது. ஆறாண்டுப் போராட்டத்தின்பின், 2019ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நயன்மன்றத்தின் நடுவர் ஒன்பதின்மரும் ஒருமனமாகத் தீர்ப்பளித்தனர். அளவிறந்த தண்டம் விதிக்கலாகாது என்னும் அரசியற் சட்டக் காப்பு மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றனர். ஊர்தி பின்னர் உரியவரிடம் மீண்டது. ஒருபுறம் எளியவனின் ஊர்தி பறிபோகிறது. மறுபுறம் பறிமுதற் பங்கில் தலைவனுக்கு ஊர்தி வருகிறது. ஒரே முறையின் இரு முகங்கள் இவை.

'கள்வன் விரைவூர்தியில் ஓடுகிறானே, காவலன் மாட்டுவண்டியிலா துரத்துவான்?' என்று கேட்பார் உளர். கேட்கத்தக்க வினாவே. ஆனால் அதற்கு விடை 1928ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அவ்வாண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட்டு நகரக் காவலர் தம் ஊர்திகளில் வானொலிக் கருவியைப் பொருத்தினர். அன்று முதல் ஓடுபவனை முந்துவது உருளையன்று, ஒலி. எத்துணை விரைவாகப் பறந்தாலும், அவனுக்கு முன்னே செய்தி சென்று அடுத்த சாலைமுனையில் காத்திருக்கும். இன்றோ எண்பலகையைப் படிக்கும் கருவி உண்டு. வானினின்று நோக்கும் உலங்கூர்தி உண்டு. உருளிப்பட்டையின் காற்றை இறக்கும் முட்பட்டை உண்டு.

துரத்தலின் விலையையும் எண்ணவேண்டும். அமெரிக்காவில் 2017 முதல் 2022 வரையான ஆறாண்டுகளில் காவலர் துரத்தல்களால் 3,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று சான்பிரான்சிசுக்கோ நாளிதழ் ஒன்று 2024ஆம் ஆண்டு ஆராய்ந்து வெளியிட்டது. அவர்களுள் 500க்கும் மேற்பட்டோர் துரத்தியவரும் அல்லர், ஓடியவரும் அல்லர். தம் வழியே சென்றவர்கள். காவல்துறைத் தலைவர்களே கூடிய ஆராய்ச்சி அமைப்பொன்று 2023ஆம் ஆண்டு ஒரு நெறியை வகுத்தது. வன்குற்றம் நிகழ்ந்து, குற்றவாளியால் உடனடி இடரும் இருந்தாலன்றித் துரத்தற்க என்பது அந்நெறி. துரத்தலையே குறைக்குமாறு அறிந்தோர் சொல்லும் காலத்தில், துரத்தலின் பெயரால் 707 குதிரைத்திறன் எதற்கு?

நல்வழியும் கண்முன் உண்டு. மிச்சிகன் மாநிலக் காவல்துறை ஆண்டுதோறும் காவல் ஊர்திகளைத் தேர்வுக்கு உட்படுத்துகிறது. ஓட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. தடை நன்கு பிடிக்கிறதா, எரிநெய் எவ்வளவு செலவாகிறது, நாள்முழுதும் அமர்வார்க்கு இருக்கை ஏற்றதா என்றெல்லாம் அளந்து, முடிவை ஊரறிய வெளியிடுகிறது. நியூ மெக்சிகோ மாநிலம் 2015ஆம் ஆண்டு இன்னும் ஒருபடி மேலே சென்றது. குற்றத்தீர்ப்பு இல்லாத பறிமுதலை அடியோடு ஒழித்தது. பறிமுதலால் வரும் பணம் காவலர் பைக்குச் செல்லாமல் மாநிலப் பொதுக் கருவூலத்திற்கே செல்லுமாறு சட்டம் செய்தது. எடுக்கும் கை வேறு, செலவிடும் கை வேறு என்று பிரித்ததே அச்சட்டத்தின் உயிர்நிலை.

ஆகவே எந்நாட்டிலாயினும், காவல்துறையின் வாயிலில் புத்தம்புதிய ஊர்தி ஒன்று பளபளத்து நிற்கக் காணும் குடிமகன் மூன்று வினாக்கள் கேட்டல் வேண்டும். இஃது எப்பணிக்கு? இதற்குரிய பணம் எவ்வழி வந்தது? இச்செலவை யார் சரிபார்த்தார்? மூன்றுக்கும் நேரிய விடை வருமாயின், அவ்வூர்தி எத்துணை விலையாயினும் வாழ்த்தி வழிவிடலாம். சிறுநீரகம் சுமந்த ஊர்திக்கு வழிவிடாதார் மாந்தரல்லர். ஒன்றுக்கேனும் விடை வாராதாயின், ஊர்தியின் விரைவைக் கண்டு வாய்பிளந்து நிற்றல் குடிமைக்கு அழகன்று.

ஊர்காப்பாளனைப் பற்றிப் பழந்தமிழர் பேசியபோது அவன் உறங்காமையைப் பேசினர், அஞ்சாமையைப் பேசினர், அவன் ஏறிவந்த ஊர்தியின் விலையைப் பேசவில்லை. காவலனைக் கண்டு எளியவன் நெஞ்சில் அச்சம் நீங்கவேண்டும்; வியப்பு மேலிட வேண்டியதில்லை. தன் பணம் தன்னைக் காக்கவே செலவாகிறது என்னும் உறுதி ஒன்றே அவ்வச்சத்தை நீக்கும். அவ்வுறுதியைத் தருவது கணக்கு. அதனைக் கேட்பது குடிமக்கள் கடன். காட்டுவது காவலர் கடன்.