பாட்டியின் அலமாரியும் பிள்ளைகளின் ஓவியமும்

வீடு மாறும்போது பல குடும்பங்களில் ஒரு வாக்குவாதம் எழுகிறது. தாத்தா வாங்கிய தேக்கு அலமாரியையும், பளிங்குக்கல் மேசையையும், முதுகு வளைந்த கோப்பிக்கடை நாற்காலிகளையும் புது வீட்டுக்குக் கொண்டுபோவதா, காராங்குனிக்காரரிடம் கொடுத்துவிடுவதா? பிள்ளைகளுக்குச் சுவரில் நவீன ஓவியம் வேண்டும். பாட்டிக்கு அலமாரி வேண்டும். இரண்டும் ஒரே கூடத்தில் ஒத்துப்போகாது என்று இரு தரப்பும் நம்புவதுதான் சிக்கல்.

ஒத்துப்போகும். அந்த நாற்காலியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னோடி, மரத்தை நீராவியில் வளைத்து மைக்கேல் தோனெட் 1859இல் உருவாக்கிய 14ஆம் எண் நாற்காலி. தொழிற்சாலையில் பகுதி பகுதியாகத் தயாராகி, பிறகு திருகாணியால் பொருத்தப்பட்ட அது அந்தக் காலத்தில் பெரும் புதுமை. இன்று நாம் பழசு என்று ஒதுக்கும் பொருளும் ஒருநாள் நவீனமாகத்தான் இருந்தது.

மாட்டும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய அலமாரி 2 மீட்டர் உயரம் இருந்தால், அடுக்குமாடி வீட்டில் அதற்கு மேல் மிஞ்சும் இடம் மிகக் குறைவு. அங்கே ஓவியத்தைத் திணித்தால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கண்ணுக்கு நேராக அமையும். தாழ்வான மேசைக்கு மேல் என்றால், இடையில் 15 முதல் 20 சென்டிமீட்டர் விட்டால் போதும். அகலம் மேசையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும். செதுக்கு வேலை நிறைந்த அலமாரிக்கு அருகில் எளிமையான, பெரிய ஓவியம் ஒன்றே போதும். குட்டிக் குட்டிப் படங்களாக மாட்டினால் இரண்டும் சண்டை போடும்.

எந்த ஓவியம் என்று தயங்குவோர் பாத்திக் ஓவியத்தைப் பார்க்கலாம். மெழுகும் சாயமும் கொண்டு துணியில் செய்யும் பழைய கைவேலையை 1950களில் நவீன ஓவியமாக்கியவர் பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங். அத்தகைய ஓவியம் தேக்கின் பழுப்போடு இயல்பாகச் சேரும். நேர் வெயில் மட்டும் படக்கூடாது, சாயம் வெளுத்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் சட்டத்தின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும் என்பதால், கீழ் மூலைகளில் சிறு ரப்பர் துண்டுகளை ஒட்டிக் காற்றோட்டம் விடுங்கள். அலமாரியின் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பூச்சி இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, தேக்குக்கு வெள்ளைச் சாயம் பூசி ‘மாடர்ன்’ ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது மட்டும் வேண்டவே வேண்டாம். ஓவியம் பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். பூசிய சாயத்தைச் சுரண்டினால் பல ஆண்டுகளாக மெருகேறிய மேற்பரப்பும் சேர்ந்தே போய்விடும்.

சுவரில் துளை போடுமுன், ஓவியத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி ஒட்டி, இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள். பிறகு பாட்டியை அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் இறக்கு என்று அவர் சொன்னால் இறக்கிவிடுங்கள். அதிக நேரம் அதைப் பார்க்கப்போவது அவர்தானே.